ஆறு டம்ளர்

அக்டோபர் 16, திங்கள்

அம்மா இங்கே எத்தனை நாள் இருப்பாள்? காலையில் மாமா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அந்தப் பதில் அவருக்கு எப்படிக் கேட்டதோ, உடனே பதறினார்.

“இல்லம்மா அரசி, எவ்வளவு நாள் வேணாலும் இருக்கட்டும். காய் எவ்வளவு வாங்கணும்னுதான் கேட்டேன்.”

புது நோட்டு. யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். புள்ளியியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

மாமா என் கணவரின் அப்பா. எண்பது வயது, ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். கணவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். ஆகவே இந்தத் திருச்சி வீட்டில் ஏழு வருடமாக மாமாவும் நானும்தான். அம்மாவுக்கு எழுபத்துநான்கு. சீர்காழிக்குப் பக்கத்தில் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். ஐப்பசி பிறந்தால் கொல்லை வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு வருடமும் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்துச் சமாளிப்பாள். ஆவணியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததிலிருந்து அண்ணன் பிடிவாதமாகிவிட்டான். நேற்று காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பெங்களூர் போய்விட்டான். அம்மா இதுவரை என் வீட்டில் இரண்டு இரவுக்கு மேல் தங்கியதில்லை.

மூன்று அறை. மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. புத்தகம் வைத்திருந்த சின்ன அறையை அம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தேன். பாத்ரூம் இரண்டு. ஒன்று என் அறைக்குள், மற்றது ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில்.

நாள் முழுக்கத் தன் அறையிலேயே பேப்பர் படிக்கும் மாமா இன்று சாய்வு நாற்காலியை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். மரியாதை தெரிந்தவர்.

ஒன்பதரைக்கு என் அறையைப் பூட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினேன்.

அக்டோபர் 18, புதன்

இரண்டு பேரையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மழைக்காலத்துக்கு முன் பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டுவிடலாம் என்று போன வருடமே சொல்லியிருந்தார்.

“எண்பது வருசம் ஊசி இல்லாமத் தும்மினேன். இனிமே ஊசி போட்டுக்கிட்டுத் தும்மணுமா டாக்டர்?” என்றார் மாமா.

“தும்மல் வரும் சார். ஆஸ்பத்திரி வரைக்கும் வராது.”

மாமா யோசித்துக்கொண்டிருந்தபோதே அம்மா ஜாக்கெட் கையை மேலே தள்ளிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு மொதல்ல போடுங்க. சம்பந்தி பாத்துட்டுப் போட்டுக்குவாங்க.” அதற்குப் பிறகு மாமாவும் சட்டையைக் கழற்றினார்.

டாக்டர் சொன்ன மற்றவை: ஈரத்தரையில் ரப்பர் செருப்பு. வெளியே போக முடியாத நாளில் வராந்தாவில் இருபது நிமிடம் நடை. கொசுவலை. குளிர்ந்த காலத்தில் தாகம் எடுக்காது, எடுக்காவிட்டாலும் நாளுக்கு ஆறு டம்ளராவது தண்ணீர்.

இதே நேரத்தில் அண்ணன் வாட்ஸாப்பில் ஆடாதொடைக் கஷாயம் பற்றி ஒன்பது செய்தி அனுப்பியிருந்தான். ஒன்றைக்கூட அவன் குடித்திருக்கமாட்டான்.

அக்டோபர் 19, வியாழன்

ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினேன். ரத்த அழுத்தம், நடை, மாத்திரை, தண்ணீர், தூக்கம். பகலில் நான் இல்லாததால் தண்ணீரை அவரவர் எண்ணி வைத்து மாலையில் சொல்லவேண்டும்.

“இது என்னம்மா, டூட்டி சார்ட்டா?” என்றார் மாமா. ஆனால் பென்சிலைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 21, சனி

மழை. இரண்டு வகுப்பு, ஒரு கூட்டம். நான் வந்து என் அறையைத் திறந்ததும் அம்மா பின்னாலேயே வந்துவிடுகிறாள். மூன்று நாளாக இப்படித்தான். பையை வைக்கக்கூட விடாமல் உள்ளே நுழைந்து, என் பாத்ரூமுக்குப் போய், பிறகு கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள். நாள் முழுக்கப் பேச ஆள் இல்லை, பாசம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த அரைமணி நேரம் தனியாக வேண்டும். சொல்லவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

நேற்றும் இன்றும் பூஜை விடுமுறை. வீட்டில்தான் இருந்தேன். அம்மா கலகலப்பாக இருந்தாள். மூன்று முறை காப்பி குடித்தாள், ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். சுண்டலில் உப்பு இல்லை என்றாள். சமைத்தது நான். மாமா “எனக்குச் சரியா இருக்கு சம்பந்தியம்மா” என்றார். “உங்களுக்குப் பிரஷர், உப்பு கூடாது. அதனால சரியா இருக்கு” என்றாள்.

அக்டோபர் 28, சனி

தண்ணீர், இந்த வாரம். மாமா: 4, 7, 5, 5, 3. அம்மா: 6, 6, 6, 6, 6. அம்மா எதையும் ஒழுங்காகச் செய்வாள்.

அக்டோபர் 31, செவ்வாய்

அம்மா அறை ஜன்னலில் நான் வைத்திருந்த கற்றாழை அழுகிவிட்டது. நான்கு வருடம் நன்றாக இருந்த தொட்டி. மழைச்சாரல் போலிருக்கிறது.

வேலைக்கு வரும் அந்தோணியம்மா, “அம்மா ஏன் டீச்சர் காலையில காப்பியப் பாதியில வைக்கிறாங்க?” என்று கேட்டாள். வயதானால் பசி குறையும் என்றேன்.

“பசி கொறையும். காப்பி கொறையுமா?”

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 3, வெள்ளி

கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா தன் அறையில் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்றேன்.

“கோழி அடஞ்சிடுச்சான்னு பாக்குறேன்.”

மூன்றாவது மாடி. கோழி இல்லை. அம்மா கோழி வளர்த்தே இருபது வருடம் இருக்கும்.

“கோழி இல்லம்மா. இது என் வீடு.”

என்னை உற்றுப் பார்த்தாள். “தெரியும்டி” என்றாள். தெரிந்த குரலில் இல்லை.

நவம்பர் 4, சனி

மதியம் முழுக்கத் தூக்கம். எழுப்பினால் எரிச்சல். என்னை “புவனா” என்று கூப்பிட்டாள். புவனா அவளுடைய தங்கை, இறந்து பதினொரு வருடம்.

மாமா ஹாலில் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்று கேட்டார். “சம்பந்தியம்மாவுக்கு ஒடம்புக்கு என்னம்மா? எம்மேல எதுவும் வருத்தமா?”

“அப்படியெல்லாம் இல்ல மாமா.”

அட்டவணையைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் சற்றுக் குறைவு. காய்ச்சல் இல்லை. தண்ணீர் ஆறு.

நவம்பர் 5, ஞாயிறு

இணையத்தில் மூன்று மணி நேரம் படித்தேன். பிறகு அம்மாவிடம் மூன்று சொல் சொன்னேன்: தாமரை, கும்பகோணம், கரண்டி. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டேன்.

“கும்பகோணம்” என்றாள். வெகுநேரம் கழித்து, “அங்க யாரு செத்துட்டாங்க?”

இரண்டாவது முறை வேறு சொற்களோடு செய்தேன். ஒன்றுகூட வரவில்லை. என் கையைத் தட்டிவிட்டு, “உங்கப்பாவக் கூப்புடு. இவ என்னைப் பரீட்சை வைக்கிறா” என்றாள்.

ஹாலில் டி.வி. சத்தம் குறைந்தது. மாமா கேட்டிருக்கவேண்டும்.

நவம்பர் 6, திங்கள்

அண்ணனிடம் போனில் சொன்னேன். கோழி, புவனா, மூன்று சொல்.

“அப்பத்தாவுக்கும் கடைசியில இப்படித்தான் அரசி.”

“தெரியும்.”

“நீயும் பகல்ல வீட்ல இல்ல. எங்க வீட்ல ரெண்டு பேரும் ஆபீஸ். உங்க மாமனார நம்பி விட முடியுமா? அவருக்கே எண்பது.”

புதுக்கோட்டை ரோட்டில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறதாம். மறதி வந்தவர்களுக்குத் தனி மாடி, கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கும், எழுந்து தெருவுக்குப் போய்விட மாட்டார்கள். அவனுடைய நண்பனின் தாயார் அங்கே இருக்கிறார். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனி ஒரு கட்டில் காலியாகும். படிவம் அனுப்பினான். நிரப்பித் திருப்பி அனுப்பினேன். காரணம் என்று கேட்ட இடத்தில் ‘மறதி நோய்’ என்று எழுதினேன். எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று வகுப்பில் இரண்டு முறை ஒரே கணக்கைப் போட்டேன். பிள்ளைகள் மரியாதையாக இரண்டாவது முறையும் எழுதிக்கொண்டார்கள்.

நவம்பர் 8, புதன்

பத்தே முக்காலுக்கு மாமாவிடமிருந்து போன். இந்த ஏழு வருடத்தில் அவர் என்னைக் கல்லூரியில் கூப்பிட்டதே இல்லை.

“அரசி, சம்பந்தியம்மா எந்திரிக்கும்போது சாஞ்சிட்டாங்க. அடி இல்ல. அந்தோணியம்மா புடிச்சிக்கிடுச்சு. ஒடம்பு கொதிக்குது. நான் ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன், நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு.”

வந்தபோது அம்மாவுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. அதை நான் வீட்டில் பார்த்தேனா என்று யோசித்தேன். பார்த்திருக்கிறேன். வாசலின் வாங்க நினைத்திருக்கிறேன்.

மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

நவம்பர் 9, வியாழன்

சிறுநீர்த் தொற்று. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. டாக்டர் சின்னப் பெண், என் மாணவிகளைவிட ஐந்து வயது கூட இருக்கலாம்.

“வயசானவங்களுக்குக் காய்ச்சல் லேட்டாத்தான் தெரியும் மேடம். புத்திதான் முதல்ல தடுமாறும். எல்லாரும் மறதி நோய்னு நெனச்சுக்குவாங்க. மருந்து போகுது, ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிடுவாங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க?”

போனில் அட்டவணையின் படம் இருந்தது. காட்டினேன். விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

“எல்லா நாளும் ஆறா?”

“ஆமா.”

“யாரு எண்ணினது?”

இருபத்துநான்கு வருடமாக வகுப்பில் சொல்லிவருகிறேன்: உண்மையான அளவு ஏறி இறங்கும், ஆடாத எண்ணைக் கண்டால் சந்தேகப்படுங்கள், தன்னைப் பற்றித் தானே தரும் தகவலை இன்னும் சந்தேகப்படுங்கள். பரீட்சையில் அதற்கு ஐந்து மதிப்பெண்.

நவம்பர் 10, வெள்ளி

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அந்தோணியம்மா அம்மாவின் அறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கற்றாழைத் தொட்டியைக் கையில் தூக்கிக் காட்டினாள். அடியில் தண்ணீர் சொட்டியது.

“இதுல நாத்து நடலாம் டீச்சர்.”

“சாரல்.”

“என்ன சாரல்? ஜன்னல் சாத்தித்தான கெடக்கு. அம்மாவுக்கு நான் சொம்புல தண்ணி வெப்பேன். பன்னண்டு மணிக்குப் பாத்தா சொம்பு காலி, அம்மா ஒதடு காஞ்சு கெடக்கு. இத்தன நாளு நான் கேட்டா, குடிச்சிட்டேன்டிங்கிறாங்க. செடி குடிச்சிருக்கு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“காப்பிய வைக்கிறாங்கன்னு சொன்னேன். நீங்க பஸ்ஸப் பாத்தீங்க.”

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

நேற்று மாலை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கணவர் இரண்டு நாள் விடுப்பில் வந்திருக்கிறார். அப்பாவும் பிள்ளையும் வெளியே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவுக்குத் தலையில் எண்ணெய் தொட்டு வைத்து, வெந்நீரில் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டேன். தெளிவாக இருந்தாள். லேகியம் வாங்கியதா செய்ததா என்று கேட்டாள். வாங்கியது என்றேன். அதனால்தான் மிட்டாய் மாதிரி இருக்கிறது என்றாள்.

பிறகு கேட்டேன். அவள் முதுகுப்பக்கம் நின்றுகொண்டு கேட்டது எளிதாக இருந்தது.

“தண்ணிய ஏம்மா செடிக்கு ஊத்தின?”

துண்டை என் கையிலிருந்து வாங்கித் தானே கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“குடிச்சா போகணும்ல?”

“போ. பாத்ரூம் இருக்கே.”

“அது எங்க இருக்கு? அவங்க நாற்காலிக்கு ரெண்டு அடியில. காலையில ஏழு மணிக்கு வந்து ஒக்காந்தா ராத்திரி வரைக்கும் எந்திரிக்கிறதில்ல. அங்கயே பேப்பர், அங்கயே தூக்கம். மாப்பிள்ளையப் பெத்தவங்க முன்னாடி ஒரு நாளைக்கு எட்டு தடவ எப்புடிடி கதவத் தொறந்து தொறந்து போறது? எனக்கு முன்ன மாதிரி அடக்கவும் முடியல. வயசு.”

“என் ரூம்ல போயிருக்கலாமே.”

“நீதான் பூட்டிக்கிட்டுப் போயிடுறியே.”

குற்றமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அறையைப் பூட்டும் பழக்கம் எனக்கு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

“சாவியக் கேட்டிருக்கலாம்மா.”

“எதுக்குன்னு கேப்ப. சொல்லணும்.”

நவம்பர் 14, செவ்வாய்

அறையைப் பூட்டவில்லை. அம்மா ஐந்து டம்ளர். நானே அளந்தேன், பாட்டிலில் கோடு போட்டு.

மாமாவிடம் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? ‘மாமா, நீங்கள் ஹாலில் உட்கார்வதால்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அவரை அவருடைய மகன் வீட்டில் ஒரு இடைஞ்சலாக ஆக்கிவிடும். காலையில் ஒரு வாக்கியம் யோசித்தேன். அவர் தலைநிமிர்ந்து, “என்னம்மா?” என்றார். “பேப்பர் வந்துடுச்சா மாமா?” என்றேன். பேப்பர் அவர் மடியில் இருந்தது.

நவம்பர் 15, புதன்

சொல்லவில்லை.

நவம்பர் 16, வியாழன்

சொல்லவில்லை. அண்ணன் போன் செய்தான். சனிக்கிழமை பதினொரு மணிக்கு இல்லத்தில் எங்களை எதிர்பார்க்கிறார்களாம். டாக்டர் சொன்னதை அவனிடம் திங்களன்றே சொல்லியிருந்தேன்.

“இப்ப தெளிஞ்சிருக்கலாம் அரசி. திரும்ப வந்தா? நீ காலேஜ்ல இருக்கும்போது வந்தா?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நான் ஏன் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை?

நவம்பர் 17, வெள்ளி. கார்த்திகை ஒன்று

இன்று முடிவு செய்துவிட்டேன். என் அறையை அம்மாவுக்குக் கொடுத்துவிடுவது. நான் சின்ன அறைக்கு மாறிக்கொள்வது. மாமாவிடம் அறை மாற்றம் என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் தேவைப்படாது. அண்ணனிடம் நாளைக் காலை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். படிவத்தைக் கிழித்துவிடச் சொல்வேன். அப்படி ஒரு படிவம் இருந்ததே அம்மாவுக்குத் தெரியவேண்டியதில்லை. காலைக் காப்பியோடு அறை மாற்றத்தைச் சொல்வேன். சந்தோஷப்படுவாள்.

புத்தகங்களைக் கட்டத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது.

நவம்பர் 18, சனி

நடந்தது இது.

காப்பியோடு சொன்னேன். அம்மா ஊதி ஊதிக் குடித்துமுடித்தாள்.

“நீ எங்க படுப்ப?”

“சின்ன ரூம்ல.”

“அப்ப நீ எந்த பாத்ரூமுக்குப் போவ? உன் மாமனாரத் தாண்டித்தான போகணும். அப்புறம் நீ தண்ணி குடிக்க மாட்ட.”

“அம்மா.”

“அண்ணன் ஒரு எடம் பாத்திருக்கானாமே. அங்க ரூமுக்கு ரூம் பாத்ரூம் இருக்காம்ல?”

யார் சொன்னது என்றேன். அண்ணன்தான். நேற்று மதியம் நான் கல்லூரியில் இருந்தபோது அவளிடமே நேரடியாகப் பேசியிருக்கிறான். எங்களில் ஒருவருக்காவது அந்தத் தைரியம் இருந்திருக்கிறது.

“போய்ப் பாப்போம். பாக்குறதுல என்ன?” என்றபடி எழுந்து ஹாலுக்குப் போனாள். நான் பின்னால் போவதற்குள், நான் ஒரு வாரமாகத் தேடிய வாக்கியத்தை மாமாவிடம் சொல்லிவிட்டாள்.

“சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. உங்க முன்னாடி பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுக்கிட்டுத் தண்ணி குடிக்காமக் கெடந்துட்டேன். அதான் இவ்வளவும். உங்க மேல ஒரு கொறையும் இல்ல.”

மாமாவின் முகம் கறுத்துச் சிறுத்துவிட்டது. “என் ரூம்லயே இருந்திருப்பேனே சம்பந்தியம்மா” என்றார். “எனக்கும் அங்கதான் சௌகரியம். வீட்டுக்கு வந்தவங்க இருக்கும்போது கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்தா, மூஞ்சி குடுக்க மாட்டேங்கிறான்னு நெனப்பீங்களேன்னு முதுகு வலியோட இங்க ஒக்காந்திருந்தேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் புடவையால் மூடிக்கொண்டாள். மாமாவும் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

“அதான் பேசியாச்சே, இனிமே என்ன? அவர் உள்ள இருப்பார்” என்றேன் ஆட்டோவில்.

“பேசினதுக்கு அப்புறம்தான்டி கஷ்டம். நான் ஒவ்வொரு தடவ எந்திரிக்கும்போதும் எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்காக அந்த மனுசன் ஒளிஞ்சுக்கணும். பெரியவங்க.”

இல்லம் சுத்தமாக இருந்தது. தரை வழுக்கவில்லை, அதை இரண்டு இடத்தில் காலால் தேய்த்துப் பார்த்தேன். நர்ஸ் போலிருந்த பெண் அம்மாவின் கையைப் பிடித்து உரக்கப் பேசினாள். “பாட்டி, இன்னிக்கு என்ன கெழம சொல்லுங்க பாக்கலாம்?”

“சனி. கார்த்திகை ரெண்டு. காது நல்லாக் கேக்கும், மெதுவாப் பேசு.”

எங்களை மாடிக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள், வெளிப்பக்கம் பூட்டும் மாடி. அம்மா அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். கீழேதான் என்றாள். கீழே ஒரு அறை காட்டினார்கள். உள்ளே அவளுக்கென்று ஒரு பாத்ரூம். கதவைத் திறந்து பார்த்தாள், உள்ளே போய்த் தாழ் போட்டுப் பார்த்தாள். வெளியே வந்து, சரி என்றாள். மழை முடியும் வரைக்கும்.

அலுவலக அறையில் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இதுல மறதி நோய்னு இருக்கே. இது யாரு எழுதுனது?”

அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். அவன் பெங்களூரில் இருந்தான்.

“நான்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்தாள்.

“அடிச்சிட்டு வேற எழுது.”

அடித்தேன். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“மழைன்னு எழுது. அதான நெசம். தை பொறந்ததும் வந்து கூட்டிக்கிட்டுப் போ. உன் வீட்டுக்கு இல்ல, என் வீட்டுக்கு.”

எழுதினேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, திருத்தம் செய்தவர் அந்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்.

போட்டேன்.